நாலு மூலை மஞ்சளும் ஒரு பிரிண்டரும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வந்த அன்றைக்கே கேட்டீர்கள். “அண்ணே, இதைவிடத் தாளுக்குக் கம்மியா செலவாகுற பிரிண்டர் இருக்கே, ஏன் இதை வாங்கினீங்க?” வாசலில் உரம் வாங்க ஆட்கள் நின்றதால் அப்புறம் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அடுத்த வாரம் நான் மயிலாடுதுறைப் பக்கம் வேறு வேலைக்குப் போகிறேன். அதற்குள் சொல்லிவிட வேண்டும். பணி அனுபவம் என்று எழுத எனக்கு வயது போதாது, தலையில் ஒரு நரைகூட இல்லை. இருந்தாலும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

நம்முடையது சின்ன அலுவலகம். திருத்துறைப்பூண்டியைச் சுற்றியிருக்கிற ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற உற்பத்தியாளர் நிறுவனம். விதை, உரம் விற்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விவசாயிக்கு எந்தத் தாள் வேண்டுமானாலும் நம்மிடம்தான் வருவார்கள். சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கான பதிவுத் தாள். ஆகவே இங்கே பிரிண்டர் என்பது மூலையில் கிடக்கிற சாமான் இல்லை. அதுதான் கடை.

அப்போது இருந்தது ஒரு பழைய லேசர் பிரிண்டர். டோனர் தீர்ந்துவிட்டது என்று விளக்கு எரியும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, தூளியில் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஆட்டி உள்ளே போடுவோம். இன்னும் கொஞ்சம் தாள் வரும். மறுபடி எரியும். மறுபடி ஆட்டுவோம். புது கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனால் விலையைக் கேட்டு நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் படித்தவர் இல்லை, ஆனால் மாடு வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“தம்பி, புது மிஷின் பாருங்க. மாட்டு விலையை மட்டும் பாக்காதீங்க. தீனி எவ்வளவு தின்னும்னு கேளுங்க.”

தீனிதான் ரன்னிங் காஸ்ட். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கணக்குப் போட்டு ஒன்றை நிரூபிக்கச் சொன்னால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். இன்டர்நெட்டில் தேடினேன், கடைகளுக்குப் போன் போட்டேன். ஒரு பாட்டில் மைக்கு எத்தனை தாள், ஒரு டோனருக்கு எத்தனை தாள், வகுத்துப் பார்த்தால் மை ஊற்றுகிற இங்க் டேங்க் பிரிண்டர்தான் ஜெயித்தது. பக்கத்தில்கூட வேறு எதுவும் வரவில்லை. தஞ்சாவூர்க் கடைக்காரர், “ஒரு வாரம் வச்சுப் பாருங்க சார், பிடிச்சா காசு கொடுங்க” என்று ஒன்றை அனுப்பியும் வைத்தார்.

நம் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் மலர்க்கொடியை உங்களுக்குத் தெரியும். என்னை சார் என்றுதான் கூப்பிடுவார், அந்த சாரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மைத் தொட்டிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, “என்ன சார், பிரிண்டர் கேட்டா மீன் தொட்டி அனுப்பியிருக்காங்க” என்றார். ஆனால் தாள் வெளியே வந்ததும் அவரும் வாயை மூடிக்கொண்டார். எழுத்து அவ்வளவு அழகு.

அந்த அழகான தாளில் ஒன்றுதான் சின்னப்பொண்ணு அக்காவுக்குப் போனது.

சின்னப்பொண்ணு அக்கா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். நிலத்துக்காரர் திருச்சியில் இருக்கிறார். ஊரில் அவருடைய நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ள ஒரு காரியஸ்தர். அக்காவின் மாமனாரும் மாமியாரும் அதே நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். அக்கா காலத்தில் அது குத்தகை ஆனது. ஆனாலும் வருடாவருடம் நெல் போனது நிலத்துக்காரர் பேரில்தான். பட்டா அவருடையது, அதனால் கொள்முதல் பதிவும் அவருடையது, பணமும் அவர் கணக்குக்கு. அவர் பார்த்துக் கொடுக்கும்போது அக்காவுக்கு. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் கேட்டு வாங்குகிற இடத்தில் நிற்பது அக்காதானே.

அந்த வருடம் நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டார். கிராம நிர்வாக அலுவலரும், சாகுபடி செய்பவர் என்று அக்காவின் பேரைச் சேர்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார். பதிவுத் தாளை நாங்கள் அச்சிட்டுக் கொடுத்தால் போதும், நெல் அக்கா பேரிலேயே போகும்.

தாளைக் கையில் கொடுத்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல எது தம்பி என் பேரு?”

காட்டினேன். தனலெட்சுமி என்று இருந்தது. சின்னப்பொண்ணு என்பது ஊர் கூப்பிடுகிற பேர். அக்கா அந்த எழுத்துகள்மேல் விரலை வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. தூங்குகிற பிள்ளை கன்னத்தைத் தொடுவதுபோல.

“மடிக்கலாமா?”

“தாராளமா மடிங்க.”

“எழுத்து உடைஞ்சுறாதே?”

“அக்கா, அது அப்பளமா?” என்றார் மலர்க்கொடி. அக்கா சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை வானம் நன்றாக இல்லை. தை மாதத்தில் மழை வந்தால் நம் பக்கத்தில் யாரும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காற்று அடித்ததும் கரண்ட் போய்விட்டது. அக்காவின் நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவியலாகக் கிடந்தது. அன்றைக்குத்தான் அவர் முறை. நிம்மதியாக எடை போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

மூச்சு வாங்க வந்து நின்றார். மடியிலிருந்து தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தார்.

நாலு மூலையும் மஞ்சள். நடுவில் மை ஊதாவாகவும் கறுப்பாகவும் ஓடி, காய்ந்து, மேகம் மாதிரி படிந்திருந்தது. பேர் இருந்த இடத்தில் பேர் இல்லை. பதிவு எண்ணும் இல்லை.

“என்னக்கா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலியே தம்பி. நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மஞ்சளைக் கொழைச்சு நாலு மூலையிலும் வச்சேன். பூசாரி அம்மன் காலடியில வச்சு தீர்த்தம் தெளிச்சுக் கொடுத்தாரு. அப்படியே மடியில வச்சுக்கிட்டேன். களத்துல எடுத்துக் கொடுத்தா, இதுல பேரே இல்லைங்கிறாங்க. எனக்கு எழுத்து இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுபோலத்தானே, நான் எங்க பாத்தேன்?”

மலர்க்கொடி தாளைத் தூக்கிப் பார்த்தார். “ரன்னிங் காஸ்ட், ரன்னிங் காஸ்ட்டுன்னீங்களே சார். எழுத்தே ரன்னிங்ல போயிருச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கிறது. அம்மா வைத்தது. கல்லூரியில் சான்றிதழ் சரிபார்த்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் ஒரு தாள் வந்தால் அதை வேறு எப்படி வாசிப்பார்கள்? மஞ்சள் வைப்பதுதான் வாசிப்பது. நான் அந்த வீட்டிலிருந்துதான் வந்தேன். வந்தும், மை எத்தனை தாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டேனே தவிர, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிற எழுத்தருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார்.

“பதிவு நம்பரை நான் இப்பவே சொல்றேன் சார், ஏத்திக்கிறீங்களா?”

“சொன்னா போதாது தம்பி. தாளைக் கோத்து வைக்கணும், மேல இருந்து வந்து பாப்பாங்க. ஒண்ணு செய்யலாம். நிலத்துக்காரர் பேருல அவரோட மத்த நிலத்துக்குப் பதிவு இருக்கு, காரியஸ்தர் தாளோட இங்கதான் நிக்கிறாரு. அதுல போட்டுறவா? மழை வருது. விட்டா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும். நனைஞ்ச நெல்லை நான் எடுக்க முடியாது.”

போனை வைக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

“நீங்க சொல்லுங்க தம்பி.”

இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பிரிண்டர் எல்லாம் அப்புறம். நம் வேலையில் அடிக்கடி ஒருவர் நம் முன்னால் நின்று, நீங்க சொல்லுங்க தம்பி என்பார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிக் கேட்பார். அவசரத்தில் பதில் நம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். எனக்கும் வந்தது. ‘இந்த ஒரு தடவை அவர் பேர்ல போட்டுருங்கக்கா, அடுத்த போகம் பாத்துக்கலாம்.’ நெல் பிழைக்கும், என் தலையும் தப்பும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதனாலேயே எனக்கு அந்தப் பதில்மேல் சந்தேகம் வந்தது. அதில் என் நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

“அக்கா, உள்ளதைச் சொல்றேன். அவரு தாள்ல போட்டா நெல்லு இப்பவே ஏறிரும். உங்க தாள்ல போடணும்னா நான் மறுபடி அடிச்சு எடுத்துட்டு வரணும். வர்றதுக்குள்ள மழை வந்துச்சுன்னா நஷ்டம் உங்களுக்கு. அது என்னால ஈடு கட்ட முடியாதது. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அக்கா மேசைமேல் கிடந்த அழிந்த தாளைப் பார்த்தார். போனைப் பார்த்துப் பேசினார், எழுத்தர் எதிரில் நிற்பதுபோல.

“நாத்து விட்டது நான். களை பறிச்சது நான். கடைமடைக்குத் தண்ணி வராதப்ப வாய்க்கால்லயே கெடந்தது நான். என் பேருல போடுங்கய்யா. மழை வந்தா வரட்டும்.”

எழுத்தர் யாரிடமோ மூட்டைக் கணக்கு விசாரிப்பது போனில் கேட்டது. பிறகு, “சரி, சீக்கிரம் வாங்க. அடுத்த ஆளு மூட்டை முடியறவரைக்கும் பாக்குறேன்” என்றார்.

கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய லேசரில் அடித்தால் எழுத்து தண்ணீருக்கு அசையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் லேசர் சூடேற நிறைய மின்சாரம் இழுக்கும், நம் சின்ன யூ.பி.எஸ். அதைத் தாங்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிடும். இருந்தது அந்த மீன் தொட்டி ஒன்றுதான். அது கொஞ்சமாகத்தான் மின்சாரம் தின்னும். பேரைக் கரைத்த மிஷினிலேயே மறுபடி பேரை அடித்தோம். யூ.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. தாள் ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. இரண்டு பிரதி எடுத்தோம். மலர்க்கொடி விதைநெல் சாம்பிள் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையில் இரண்டையும் போட்டு, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்தார்.

அக்கா கையை நீட்டினார். “கொடுங்க, ஒரு நிமிஷம் அம்மன்கிட்ட...”

“அக்கா!” மலர்க்கொடி பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “அம்மன் நேத்தே முழுசாப் படிச்சு முடிச்சுட்டா. வண்டியில ஏறுங்க!”

அந்த நேரத்திலும் அக்கா சிரித்தார். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பையை முந்தானைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் எனக்குத்தான் பயம்.

களத்துக்குள் நுழையும்போது தூறல் போட்டது. அக்காவின் குவியல்மேல் தார்ப்பாய் விரித்திருந்தது. காற்றில் அது எழும்பாமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவர் காரியஸ்தர். வெள்ளை வேட்டியெல்லாம் சேறு.

“ஏம்மா, என் தாளு கையிலயே இருந்துச்சு. அதுல போட்டுட்டு நீ வீட்டுல போயி சோறு தின்னிருக்கலாம்.”

“அதுக்கா நீங்க இங்க குந்தியிருக்கீங்க?” என்றார் அக்கா.

“நெல்லு நனையறதை யாரு பாத்துக்கிட்டு நிப்பா? பேச்சு போதும், இந்த மூலையைப் புடி.”

நான் தாளை எழுத்தரிடம் கொடுத்தேன். அவர் பதிவு எண்ணைத் தட்டிச் சரிபார்த்துவிட்டு, வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“தனலெட்சுமி! தனலெட்சுமி யாரு?”

யாரும் அசையவில்லை. அக்காவும் அந்தத் தனலெட்சுமியைத் தேடித் திரும்பிப் பார்த்தார். காரியஸ்தர்தான் அவர் கையிலிருந்த தார்ப்பாய் மூலையை வாங்கிக்கொண்டு சொன்னார், “உன்னைத்தாம்மா. போ.”

பாதி மூட்டை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் தப்பித்தது என்று சொன்னால் பொய். ஓரத்தில் கொஞ்சம் நெல் நனைந்தது, எழுத்தர் அதை எடுக்கவில்லை. அக்கா அதைத் தனியாக அள்ளி, வீட்டுக்கு அவித்துக்கொள்கிறேன் என்று கொண்டுபோனார். மீதி ஏறியது, அவர் பேரில்.

இனி பிரிண்டர். அந்த வாரமே தஞ்சாவூர்க் கடைக்கு நேரில் போனேன், சட்டைப் பையில் ஒரு மஞ்சள் கிழங்கோடு. கடையில் இருந்த பையன் என் வயதுதான், டை கட்டியிருந்தான். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு தாள் அடித்துத் தரச் சொன்னேன். குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் மேசைமேல் விட்டு, மஞ்சளை உரசி, தாள்களின் எழுத்துமேலேயே தடவினேன்.

“சார், என்ன சார் பண்றீங்க?”

“ரன்னிங் காஸ்ட் பாக்குறேன்.”

அவன் முதலாளியைக் கூப்பிட்டான். அவர் வந்து பார்த்துவிட்டு, என்ன ஊர் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் இன்னொரு மிஷினைத் தூக்கி வந்தார். “இதுவும் இங்க் டேங்க்தான் தம்பி. ஆனா கறுப்பு மட்டும் வேற வகை மை, தண்ணியில கரையாது. பாட்டில் விலை கூட. யாரும் கேக்கிறதில்ல, அதனால நாங்களும் சொல்றதில்ல.” அதில் அடித்த தாளில் மஞ்சள் தடவினேன். மஞ்சள் மஞ்சளாகவும் எழுத்து எழுத்தாகவும் இருந்தன. லேசர் தாளும் அப்படியே நின்றது. ஆனால் நம் ஊரில் எந்த மழைக்குக் கரண்ட் நிற்கிறது? யூ.பி.எஸ்ஸில் ஓடுவதும், கரையாததும் இது ஒன்றுதான். இதோ உங்கள் முன்னால் இருப்பது.

தாளுக்கு ஆகிற செலவு மற்றதைவிடக் கூட என்று நீங்கள் சொன்னது சரிதான். தலைவரும் கேட்டார். திரும்பி வருகிற தாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இதுதான் மலிவு என்றேன். ஒரு தாள் அழிந்தால் நமக்கு இன்னொரு தாள், அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பஸ், களத்தில் அவர்கள் முறை. அது கடைக்காரர் காட்டுகிற அட்டவணையில் வராது. தலைவர் யோசித்துவிட்டு, “சரி, நல்ல மாடுதான்” என்றார்.

ஒன்று மட்டும் கவனம். இந்த வகை மையைச் சும்மா விட்டால் காய்ந்துபோகும். கோடையில் வயல் காயும்போது நமக்கும் வேலை இருக்காது, அப்போதும் வாரம் ஒரு தாளாவது அடித்துவிடுங்கள்.

புது மிஷினை மேசைமேல் வைத்து மை ஊற்றிய அன்று சாயங்காலம் சின்னப்பொண்ணு அக்கா வந்தார். கையில் அவருடைய பட்டன் போன்.

“தம்பி, இது கத்துச்சு. என்னன்னு பாருங்க.”

நெல்லுக்கான பணம் அவர் கணக்கில் ஏறிவிட்டது என்று கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி. சத்தமாகப் படித்தேன்.

“யார் பேருல வந்துருக்கு?”

“உங்க பேருலதான்க்கா. தனலெட்சுமின்னு போட்டிருக்கு.”

“இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தேன். மலர்க்கொடி கீபோர்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்.

“இதை அந்த மாதிரி தாள்ல போட்டுத் தர முடியுமா?”

அது எதற்கும் தேவைப்படாத தாள். எந்த அலுவலகமும் அதைக் கேட்காது, எவரும் கோத்து வைக்க மாட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் மையும் வீண், தாளும் வீண். குறுஞ்செய்தியைப் பார்த்து மலர்க்கொடி டைப் செய்தார், பேரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில். நான் அடித்துக் கொடுத்தேன்.

உங்களிடமும் இப்படி ஒரு தாளைக் கேட்டு யாராவது வந்து நிற்பார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். அடித்துக் கொடுங்கள்.